தனியறை என்னும் நிபந்தனை: வீடா அலுவலகமா என்ற விருப்பத்தைப் பணியிட அமைப்பு உருவாக்கும் விதம்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றிய விவாதங்களில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் சோதனை, சீனாவின் ஷாங்காய் நகரில் சிட்ரிப் என்னும் பயண முன்பதிவு நிறுவனத்தில் 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதங்கள் நடந்தது. நிக்கோலஸ் ப்ளூம், ஜேம்ஸ் லியாங், ஜான் ராபர்ட்ஸ், ஜிச்சுன் ஜென்னி யிங் ஆகிய நால்வர் எழுதிய அதன் அறிக்கை 2015-இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வெளிவந்தது. வீட்டிலிருந்து பணிபுரிந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது என்ற ஒற்றை வரியாக அந்த அறிக்கை சுருங்கி, இன்றுவரை கூட்டங்களிலும் கட்டுரைகளிலும் சுற்றி வருகிறது. எண் சரியானதுதான். ஆனால் அதைப் பெற்றுத் தந்த நிபந்தனை ஒன்று அந்த வரியில் இடம்பெறுவதே இல்லை. சோதனையில் சேர விரும்பியவருக்குப் பணிநேரம் முழுவதும் தன் வசம் இருக்கக்கூடிய தனியறை வீட்டில் இருக்க வேண்டும், பிராட்பேண்ட் இணைப்பு இருக்க வேண்டும், நிறுவனத்தில் குறைந்தது ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று நிறுவனம் விதித்திருந்தது. யார் வீட்டுக்கு, யார் அலுவலகத்துக்கு என்று தீர்மானித்த குலுக்கலுக்கே அறை இல்லாதவரின் பெயர் போகவில்லை.

இந்த நிகழ்வு ஆய்வு அந்த நிபந்தனையை நடுவில் வைத்துச் சிட்ரிப் சோதனையை மறுபடி வாசிக்கிறது. வீடு பிடிக்குமா, அலுவலகம் பிடிக்குமா என்று ஊழியரைக் கேட்டால் கிடைக்கும் பதிலை அவருடைய குணமாகவும் மனப்பாங்காகவும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் மேலாளர்களிடம் வேரூன்றியிருக்கிறது. இவர் தனிமை விரும்பி, அவர் கலகலப்பானவர், இவர் சோம்பேறி, அவர் கட்டுப்பாடு உள்ளவர் என்று ஆட்களைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பதிலில் பெரும்பங்கு, அவர் உட்காரும் நாற்காலி, சாத்தக்கூடிய கதவு, காதில் விழும் அடுத்தவர் பேச்சு, இணைப்பின் தரம் ஆகியவற்றைப் பற்றிய செய்தி என்பதே என் முடிவு. எல்லாவற்றையும் அதனால் விளக்கிவிட முடியாது. எதை விளக்க முடியாது என்பதையும் இதே சோதனையின் பிற்பகுதி காட்டுகிறது.

சோதனையின் அமைப்பு

விமானச் சீட்டு, விடுதி ஆகிய இரு முன்பதிவுப் பிரிவுகளில் பணிபுரிந்த 996 பேரிடம் நிறுவனம் முதலில் விருப்பம் கேட்டது. 503 பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்க முன்வந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் மட்டுமே முன்வந்தார்கள் என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். நெடுந்தூரப் பயணம் செய்து அலுவலகம் வந்தவர்கள் அவர்களில் அதிகம். மேற்சொன்ன நிபந்தனைகளைப் பொருத்திப் பார்த்தபோது 503 பேரில் தகுதி பெற்றவர்கள் 249 பேர். விரும்பியவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் அறை, இணைப்பு, பணிக்காலம் என்ற மூன்றில் ஏதோ ஒன்று இல்லாமல் விலக்கப்பட்டார்கள். அதன்பின் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் நடந்தது. இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும் ஒரு நாள் அலுவலகத்திலிருந்தும் வேலை பார்க்க வேண்டும், ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

வீட்டுக்குச் சென்றவர்களுக்கு அலுவலகத்தில் இருந்த அதே கணினி வசதி தரப்பட்டது, மென்பொருளும் அதுவே. அழைப்புகள் ஒரே வரிசையிலிருந்து இரு சாராருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. குழுத் தலைவரும் மாறவில்லை, பணிநேரமும் மாறவில்லை. விரும்பிய நேரத்தில் வேலை பார்க்கும் சுதந்திரம் எவருக்கும் தரப்படவில்லை. ஆக, இந்தச் சோதனை உண்மையில் ஒப்பிட்டது இரண்டு அறைகளை: கதவு உள்ள, ஒருவர் மட்டும் இருக்கும் அறை ஒருபுறம், வரிசையாகப் பலர் அமர்ந்து ஒரே நேரத்தில் பேசும் கூடம் மறுபுறம். "வீடு" என்ற சொல்லுக்குள் இந்த வேறுபாட்டை ஒளித்துவைத்துவிட்டு, வீட்டுப்பணி நல்லது அல்லது கெட்டது என்று தீர்ப்பெழுதுவது சோதனைக்குச் செய்யும் அநீதி.

பதின்மூன்று சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தல்

13 சதவீத உயர்வில் ஏறத்தாழ 9 சதவீதம், ஒவ்வொரு பணிநேரத்திலும் கூடுதல் நிமிடங்கள் வேலை பார்த்ததால் வந்தது. இடைவேளைகள் சுருங்கின, உடல்நலக் குறைவுக்காக எடுத்த விடுப்பும் குறைந்தது. மிச்சமுள்ள 4 சதவீதம், ஒரு நிமிடத்தில் கையாண்ட அழைப்புகளின் எண்ணிக்கை கூடியதால் வந்தது. அமைதியான, வசதியான பணிச்சூழலே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அமைதியைத் தனியே கூட்டிக் குறைத்து அவர்கள் சோதிக்கவில்லை என்பதால் இது அவர்களுடைய விளக்கமே தவிர நேரடி அளவீடு அன்று. ஆனாலும் அந்த வேலையின் இயல்பை நெருங்கிப் பார்த்தால் அது ஏற்கத்தக்க விளக்கம்.

முன்பதிவு அழைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் தன் பெயரைச் சொல்கிறார், புறப்படும் நாளைச் சொல்கிறார், எண்களை வரிசையாகச் சொல்கிறார். கேட்பவரின் ஒரு காதில் அந்தக் குரல். மறு காதில், ஒரு கை எட்டும் தொலைவில் இன்னொருவர் இன்னொரு வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்லும் வேறொரு நாள், வேறொரு எண். இரண்டும் ஒரே வகைச் சொற்கள் என்பதால் ஒன்று மற்றொன்றுக்குள் புகுந்துவிடுகிறது. "மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்ற ஒரு வாக்கியத்துக்கும் அதற்கான பதிலுக்கும் சில வினாடிகள் போகின்றன. ஒரு நாள் முழுவதும் அந்த வினாடிகளைச் சேர்த்தால் அந்த 4 சதவீதம் மிகையாகத் தோன்றாது.

பேச்சுதான் எல்லா ஓசைகளிலும் அதிகம் இடைஞ்சல் செய்வது என்பதை உளவியல் ஆய்வுகள் 1970-களிலிருந்தே காட்டிவருகின்றன. எண்களையோ சொற்களையோ மனத்தில் வரிசையாக நிறுத்திவைக்க முயலும்போது, பொருட்படுத்த வேண்டாத பேச்சு பின்னணியில் ஒலித்தாலே நினைவு பிசகுகிறது. குளிர்சாதனத்தின் சீரான இரைச்சல் அந்த அளவு கெடுதல் செய்வதில்லை. திறந்த அலுவலகங்களின் ஒலித்தரத்தை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 3382-3 தரநிலையும் இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது: பேசுபவரிடமிருந்து எவ்வளவு தூரம் விலகினால் பேச்சுத் தெளிவுக் குறியீடு 0.50-க்குக் கீழே இறங்குகிறது என்று பார்த்து, அந்தத் தூரத்தைக் கவனச்சிதறல் தொலைவு என்று அது கணக்கிடுகிறது. ஒலியின் அளவைவிட, என்ன பேசுகிறார்கள் என்று புரிகிறதா என்பதே அங்கே அளவுகோல். வெறும் டெசிபல் கணக்கைக் காட்டி "எங்கள் அலுவலகம் அமைதியானது" என்று சொல்லும் நிர்வாகம் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊழியரின் வாய்மொழிப் பதில் எங்கே போதாமல் போகிறது என்பதற்கும் இங்கே ஒரு சான்று இருக்கிறது. கேரி எவன்ஸ், டானா ஜான்சன் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தர் பணியில் இருந்த 40 பெண்கள் மூன்று மணிநேரம் வேலை பார்த்தார்கள். ஒரு சாரார் அமைதியிலும் மறு சாரார் திறந்த அலுவலகத்தின் மிதமான ஓசையிலும். ஓசையில் இருந்தவர்கள் இடம் இரைச்சலாக இருந்தது என்று சொன்னார்கள், ஆனால் தாங்கள் கூடுதல் மன அழுத்தத்தில் இருந்ததாகச் சொல்லவில்லை. உடலோ வேறு செய்தி சொன்னது: சிறுநீரில் எபிநெஃப்ரின் என்னும் மன அழுத்த ஹார்மோனின் அளவு கூடியிருந்தது. பிறகு தரப்பட்ட, விடையில்லாத புதிர்களை விரைவிலேயே கைவிட்டார்கள். வேலையின்போது நாற்காலியில் நிலை மாற்றி உட்காருவதும், மேசைக் கருவிகளைச் சரிசெய்துகொள்வதும் குறைந்திருந்தன. இரைச்சல் ஒருவரைத் தன் உடம்பைக் கவனிக்க விடாமல் செய்கிறது, அது நடப்பது அவருக்கே தெரிவதில்லை. "உங்களுக்கு அழுத்தம் உண்டா?" என்று கேட்கும் கணக்கெடுப்பு இதைப் பிடிக்காது, மாலையில் ஏன் என்று தெரியாமல் களைத்துப்போனவர், அடுத்த வாரம் வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டுமா என்று கேட்கும்போதுதான் அது வெளிப்படுகிறது.

அலுவலகத்தின் பங்கு

எனவே, வீட்டின் மீதான விருப்பத்தில் ஒரு பகுதி அலுவலகத்தின் மீதான புகார். சிட்ரிப் ஊழியர்கள் வீட்டை ஒப்பிட்டது எல்லா அலுவலகங்களோடும் அன்று, தங்களுக்குத் தரப்பட்ட அலுவலகத்தோடு. அது தனியறைகள் உள்ள அலுவலகமாக இருந்திருந்தால் முன்வந்தவர்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கும் என்றே நம்புகிறேன்.

இதற்கு ஆதாரமாக ஜங்சூ கிம், ரிச்சர்ட் டி டியர் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட பகுப்பாய்வைச் சொல்லலாம். 303 அலுவலகக் கட்டடங்களிலிருந்து 42,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். தனியறையில் இருந்தவர்களின் மனநிறைவு ஏறத்தாழ எல்லா அம்சங்களிலும் மேலோங்கி நின்றது. திறந்த கூடங்களில் இருந்தவர்களின் பெரிய குறை, பேச்சு மறைவின்மை, அதாவது தங்கள் பேச்சு அடுத்தவர் காதில் விழுவதும் அடுத்தவர் பேச்சு தங்கள் காதில் விழுவதும். தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டால் ஒருவரோடொருவர் பேசிப் பழகுவது எளிதாகும் என்பதுதான் திறந்த கூடத்துக்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நன்மை, ஓசையாலும் மறைவின்மையாலும் வரும் இழப்பை ஈடுகட்டவில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு பெரிய நிறுவனங்கள் திறந்த கூடத்துக்கு மாறியபோது ஊழியர்கள் உடலில் உணரிகளை அணிந்திருந்தார்கள். மாற்றத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொள்வது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடின. பக்கத்தில் இருப்பவருக்கே மின்னஞ்சல் அனுப்பும் நிலைக்கு ஒரு கூடம் ஆட்களைத் தள்ளிய பின், "நேரில் கூடுவதற்காக அலுவலகம் வாருங்கள்" என்று அழைப்பதில் வலு இருப்பதில்லை.

நிலையான இருக்கை இல்லாமல், வந்தவர் கிடைத்த மேசையில் உட்காரும் முறை இதே வரிசையில் வருகிறது. நாற்காலியின் உயரம், திரையின் கோணம், விசைப்பலகை வைக்கும் இடம் ஆகியவற்றை ஒவ்வொரு காலையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருந்தால் பெரும்பாலோர் சரிசெய்யாமலே விட்டுவிடுவார்கள். இடச் செலவை மிச்சப்படுத்த மேசைகளைக் குறைத்துவிட்டு, ஊழியர்கள் அலுவலகம் வர மறுக்கிறார்கள் என்று வருந்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வீட்டு மேசையும் லேப்டாப்பும்

வீட்டின் பக்கம் திரும்பினால், அங்கும் இதே அளவு அநீதி நடக்கிறது. 2020 தொடக்கத்தில் பெருந்தொற்றுக் காலத்தில் பல கோடிப் பேர் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, சிட்ரிப் விதித்த நிபந்தனைகள் எவருக்கும் விதிக்கப்படவில்லை. அறை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் உருவான கருத்துகளை வீட்டுப்பணியைப் பற்றிய கருத்துகளாகப் பலர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அவை பெரும்பாலும் படுக்கை விளிம்பில் வேலை பார்த்ததைப் பற்றிய கருத்துகள்.

ஒரு லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எட்டு மணிநேரம் வேலை பார்ப்பவரின் உடம்பை மட்டும் கவனிப்போம். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கி, தோள் தளர்ந்திருக்கும்படி விசைப்பலகையை வைத்தால் திரை மிகவும் தாழ்ந்துபோய்க் கழுத்து முன்னே வளைகிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி புத்தகங்களை அடுக்கி உயர்த்தினால் கைகள் அந்தரத்தில் தூக்கி நிற்கின்றன, மணிக்கட்டு மடங்குகிறது. தனி விசைப்பலகை இல்லாமல் இந்த முரண்பாட்டுக்குத் தீர்வே இல்லை; எந்த மன உறுதியும் இதை மாற்றாது. சாப்பாட்டு மேசைகளின் உயரம் பொதுவாக 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தட்டச்சுக்கு அது உயரம் குறைந்தவர்களுக்கு அதிகம், நாற்காலியை ஏற்ற முடியாதபோது தோள் தூக்கியே இருக்க வேண்டியதாகிறது. ஏற்ற முடிந்தாலும் பாதம் தரையில் படாமல் தொங்குகிறது. சன்னலுக்கு எதிரே முதுகு காட்டி உட்கார்ந்தால் திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது. சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் திரை இருண்டு தெரிகிறது. சன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்ப வேண்டும், அதற்கு அறையில் இடம் வேண்டும்.

காணொலிக் கூட்டங்களில் இன்னொரு தடை. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே விடும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று பத்து மொழிகளில் நடந்த ஒப்பீடு ஒன்று 2009-இல் காட்டியது. குரல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்லும் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்வதன் பொருள் இங்கே விளங்கும். இணைப்பு அந்த வரம்பைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகிறார்கள், இருவரும் நிறுத்துகிறார்கள், மறுபடி இருவரும் தொடங்குகிறார்கள். நல்ல இணைப்பு உள்ளவர் இதைத் தாண்டிப் பேசிவிடுகிறார். மோசமான இணைப்பு உள்ளவர் நாளடைவில் வாயைத் திறப்பதையே நிறுத்திக்கொள்கிறார். "அவர் கூட்டங்களில் ஈடுபாடு காட்டுவதில்லை" என்று அவருடைய கோப்பில் ஏறுகிறது. அவர் அலுவலகத்துக்கு வர விரும்புகிறேன் என்று சொன்னால், அது தன் குரல் பிறர் காதில் விழ வேண்டும் என்ற விருப்பம்.

ஊழியரின் இடத்தைச் சோதித்துப் பார்க்கும் கடமை நிறுவனத்துடையது என்பது புதிய எண்ணமும் அன்று. பிரிட்டனில் 1992-இல் வந்த திரைக்கருவி விதிகள், நாள்தோறும் தொடர்ந்து திரையில் வேலை பார்ப்பவரின் பணிமேசையை முதலாளி மதிப்பிட வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. வீட்டிலிருந்து பணிபுரிபவரின் மேசையும் அதில் அடக்கம்.

விருப்பமும் திறனும் எதிரெதிரே நின்ற இடம்

இதுவரை சொன்னதைக் கேட்டால், நல்ல அறை உள்ளவர் வீட்டை விரும்புவார், இல்லாதவர் அலுவலகத்தை விரும்புவார் என்ற நேரான கணக்கு தோன்றும். அந்தக் கணக்கை உடைக்கும் சோதனை இந்தியாவில் நடந்தது. டேவிட் அட்கின், ஆன்டனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தரவு உள்ளிடும் பணியாளர்கள் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ குலுக்கல் முறையில் அனுப்பப்பட்டார்கள். வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் நாளடைவில் சேர்ந்தது.

முதல் நாளிலேயே தெரிந்தது என்பதுதான் என் கவனத்தை நிறுத்துகிறது. சோம்பலும் தனிமைச் சோர்வும் மெல்ல மெல்ல ஏறுபவை. முதல் நாள் காலையில் ஒருவர் எவ்வளவு வேகமாக வேலை பார்க்கிறார் என்பதில் சூழலின் கை நேரடியாகத் தெரிகிறது.

அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அடுத்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க விரும்பியவர்கள் தொடக்கத்திலேயே மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமும் துல்லியமும் உள்ளவர்கள். ஆனால் வீட்டில் அதிகம் இழந்தவர்களும் அவர்களே: வீட்டை விரும்பியவர்களின் திறன் அலுவலகத்தில் இருப்பதைவிட வீட்டில் 27 சதவீதம் குறைந்தது, அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு அந்த இழப்பு 13 சதவீதம் மட்டுமே. குழந்தைகளையோ வீட்டில் உள்ள பிறரையோ கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்கள், வசதி குறைந்த குடும்பத்தினர் ஆகியோரின் நிலை இதில் ஒரு பகுதியை விளக்குகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேறு வழியில்லாததால் வீட்டைத் தேர்ந்தவர்கள் அவர்கள். வீடு தேவைப்படும் காரணமும் வீட்டில் வேலை ஓடாத காரணமும் அவர்களுக்கு ஒன்றே.

சிட்ரிப்பின் தனியறை நிபந்தனை எதை வடிகட்டியது என்பது இப்போது தெளிவாகிறது. இதே நிலையில் உள்ளவர்கள் ஷாங்காயிலும் முன்வந்திருக்கக்கூடும். அறையில்லாதவர்களைத் தகுதிப் பட்டியல் வெளியே நிறுத்தியது. இரண்டு வேலைகளும் வேறு, இரண்டு தொழிலாளர் சந்தைகளும் வேறு என்பதால் 13 சதவீத ஏற்றத்தையும் 18 சதவீத இறக்கத்தையும் பக்கத்தில் வைத்து நேரடியாகக் கழித்துப் பார்ப்பது சரியாகாது. ஆனால் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அறை கேட்காமல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும் நிறுவனம், இரண்டாவது எண்ணுக்குத் தன்னைத் தயார்செய்துகொள்கிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அறை யாருடைய செலவு என்ற கேள்வியும் இதோடு வருகிறது. வீட்டிலிருந்து பணிபுரிந்த ஒவ்வொருவராலும் சிட்ரிப் ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மிச்சப்படுத்தியது, அதில் பெரும்பகுதி அலுவலக இடச் செலவு குறைந்ததால் வந்தது. அந்த இடம் மறைந்துவிடவில்லை, ஊழியரின் வீட்டுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. கணினியை நிறுவனம் கொடுத்தது, அறையை ஊழியர் கொடுத்தார்.

ஒன்பது மாதங்களுக்குப் பிறகு

சோதனை முடிந்ததும் நிறுவனம் எல்லோருக்கும் மறுபடி தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தது. வீட்டிலிருந்து பணிபுரிந்த குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்குத் திரும்ப விரும்பினார்கள். முன்பு வீட்டுப்பணி கேட்டும் குலுக்கலில் கிடைக்காமல் அலுவலகத்திலேயே இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், இப்போது வாய்ப்புக் கிடைத்தும் அலுவலகத்திலேயே இருந்துவிட்டார்கள். ஒன்பது மாதங்களுக்கு முன்பு சொன்ன விருப்பம் இத்தனை பேரிடம் புரண்டிருக்கிறது. இந்த மறுதேர்வுக்குப் பிறகு வீட்டுப்பணியால் கிடைத்த ஆதாயம் 22 சதவீதமாக, ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தது, வீட்டில் வேலை ஓடாதவர்கள் தாமாகவே விலகிக்கொண்டதால்.

தனியறை இருந்தது, கருவி இருந்தது, அமைதி இருந்தது, ஆனாலும் திரும்பினார்கள். அதற்குச் சொல்லப்பட்ட முதன்மையான காரணம் தனிமை. இங்கே நான் முன்வைக்கும் வாதத்தின் எல்லை வந்துவிடுகிறது. நாற்காலியும் கதவும் பேச்சுத் துணை ஆகா. வேறொன்றும் நடந்தது: அதே அளவு செயல்திறன் காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் படுவதில்லை. இதை மேசை விளக்காலோ வேகமான இணைப்பாலோ சரிசெய்ய முடியாது, மேலாளர்கள் மதிப்பிடும் முறையில்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆனாலும் தனிமையையும் பணியிட அமைப்பிலிருந்து முற்றாகப் பிரித்துவிட நான் விரும்பவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தாமஸ் ஆலன் 1970-களிலேயே காட்டியபடி, இருவரின் மேசைகளுக்கு இடையே உள்ள தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்ளும் வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. சுமார் 50 மீட்டரைத் தாண்டினால் வேறு கட்டடத்தில் இருப்பதும் ஒன்றுதான். அலுவலகத்துக்கு வந்தும் தன் குழுவினர் எவரும் அன்று வராததால் வெற்று வரிசையில் உட்கார்ந்து ஹெட்செட்டில் கூட்டம் நடத்துபவர், வீட்டின் தனிமையையும் அலுவலகப் பயணத்தையும் சேர்த்தே பெறுகிறார். சிட்ரிப்பில் அந்த ஐந்தாவது நாள் தன் குழுவோடு சேர்ந்திருக்கும்படி வகுக்கப்பட்டிருந்தது. நான்கு நாள் தனிமையை அந்த ஒரு நாள் ஈடுகட்டவில்லை என்பதைத் திரும்பியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதே நிறுவனம் ட்ரிப்.காம் என்ற பெயரில் 2021, 2022 ஆண்டுகளில் 1,612 ஊழியர்களை வைத்து மறுபடி சோதனை நடத்தியது. இம்முறை வீட்டில் வாரத்துக்கு இரண்டே நாள், புதனும் வெள்ளியும். மற்ற நாள்களில் எல்லோரும் அலுவலகத்தில். வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் செயல்திறன் மதிப்பீட்டில் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. இது 2024-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. எவர் எங்கே எந்த நாளில் இருப்பார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால், ஆழ்ந்து செய்ய வேண்டிய வேலையை வீட்டு நாளுக்கும், கூடிப் பேச வேண்டியதை அலுவலக நாளுக்கும் ஒதுக்கிக்கொள்ள வழி பிறக்கிறது. ஒவ்வொரு இடமும் தனக்கு ஏற்ற வேலையை மட்டும் சுமக்கும்போது, இரண்டில் ஒன்றை முழுமையாக வெறுக்க வேண்டிய கட்டாயம் ஊழியருக்கு வருவதில்லை என்பது என் வாசிப்பு.

கேட்க வேண்டிய கேள்விகள்

பெரும்பாலான நிறுவனங்கள் விருப்பக் கணக்கெடுப்பில் வாரத்துக்கு எத்தனை நாள் வீடு வேண்டும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, வந்த சராசரியை விதியாக்கிவிடுகின்றன. அந்த ஒற்றை எண்ணுக்குள் கதவு உள்ளவரும் இல்லாதவரும், அமைதியான மூலையில் உட்கார்ந்தவரும் நடைபாதையோரம் உட்கார்ந்தவரும் கலந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டியவை வேறு. பணிநேரத்தில் சாத்தி வைக்கக்கூடிய கதவு உண்டா, அந்த அறையை அதே நேரத்தில் வேறு எவராவது பயன்படுத்துகிறார்களா, திரையும் விசைப்பலகையும் தனித்தனியா, நாற்காலியின் உயரம் மாற்றத்தக்கதா என்று வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். அடுத்தவர் பேசுவது சொல் சொல்லாகப் புரிகிறதா, ரகசியமான அழைப்பை எங்கே போய்ப் பேசுகிறீர்கள், வந்த நாளில் உங்கள் குழுவினரில் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்று அலுவலகத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். வீட்டின் உள்ளே எட்டிப் பார்ப்பதாக இந்தக் கேள்விகள் மாறிவிடக் கூடாது. படம் எடுத்து அனுப்பச் சொல்வதும் கேமராவைச் சுழற்றிக் காட்டச் சொல்வதும் கண்ணியமற்றவை. ஊழியர் தாமே நிரப்பும் படிவமும், கேட்டால் கிடைக்கும் கருவிகளும் போதும்.

அறை இல்லை என்று சொல்பவரை விலக்குவதற்கு இந்தப் பதிலைப் பயன்படுத்துவதே இதில் உள்ள பெரிய ஆபத்து. சிட்ரிப் ஒரு சோதனைக்காக அப்படி விலக்கியது; ஒரு நிறுவனம் அதையே நிரந்தர விதியாக்கினால், பெரிய வீடு உள்ளவருக்கு மட்டும் வீட்டுப்பணி என்றாகிவிடும். இந்தியச் சோதனை காட்டியபடி வீட்டை விரும்புபவரே வீட்டில் அதிகம் இழப்பவர்; அந்த அறை இல்லாதவராகவும் அவர் இருக்கக்கூடும். அவருக்கு வீட்டருகே ஒரு பொதுப் பணியிடத்தில் மேசை எடுத்துக்கொடுப்பதும், அழைப்புகள் குறைந்த வேலையை வீட்டு நாளில் தருவதும், ஒலிமறைப்பு ஹெட்செட்டைக் கேட்காமலே வழங்குவதும், மிச்சமான இடச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதும் நிறுவனத்தின் கைக்குள் இருப்பவை.

இவற்றையெல்லாம் செய்த பிறகே விருப்பத்தைக் கேட்க வேண்டும், கேட்டதைச் சில மாதங்கள் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். சிட்ரிப் ஊழியர்களுக்கு மனம் மாற ஒன்பது மாத அனுபவமும், மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பும் தரப்பட்டன. ஆதாயத்தை ஏறத்தாழ இருமடங்காக்கியது அந்த இரண்டாவது வாய்ப்புதான். ஆண்டுக்கு ஒரு முறையாவது, எந்த விளக்கமும் கேட்காமல், பதவி உயர்வில் எந்தக் கழிவும் வைக்காமல், அந்த வாய்ப்பைத் திறந்துவைப்பதற்கு எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவு இல்லை.